ஐந்தே முக்கால் லிஃப்ட்

"ஒண்ணு போதும்னு சொல்ல இது என்ன பிஸ்கட்டா?"

வெளியே மழை வெளுத்து வாங்கியது. மிருகக் காப்பகத்தின் தகரக் கூரை போட்ட சத்தத்தில் அவள் கத்தத்தான் வேண்டியிருந்தது. கத்தியது முன்பின் தெரியாத ஒருவனிடம். சொட்டச் சொட்ட நனைந்து நின்றான்.

கண்ணுக்கு முன் பல்லைப் பார்ப்பது அவள் பழக்கம். பல் செட் செய்யும் கூடத்தில் ஒன்பது வருஷ வேலை. அவனுக்கு முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. அப்புறம்தான் கண்... பல நாள் தூங்காத கண். இமையில் மழைத்தண்ணீர் நின்றது. அவன் துடைக்கவில்லை.

"என் ரூம் சின்னதுங்க. ஒண்ணை நான் வெச்சுக்கறேன், இன்னொண்ணை நீங்க..."

"கூண்டு மேல எழுதியிருக்கே, படிக்கலையா? ஜோடி. பிரிச்சா ஏங்கியே செத்துடும். அதுகூடத் தெரியாம எதுக்கு சார் வளர்க்க வர்றீங்க?"

ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அவள் படிவம் கேட்டுத் திரும்பிவிட்டாள். விறுவிறுவென்று மழைக்குள் போய்விட்டான்.

கினிப்பன்றிகள் ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. எலி என்று சொல்ல உடம்பு அதிகம், முயல் என்று சொல்லக் காது போதாது. ஒன்றின் மேல் ஒன்று முகம் புதைத்துக் கிடந்தன. காப்பகத்து அம்மா படிவத்தை நீட்டியபடி சொன்னாள்.

"வளர்த்தவர் நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரும்மா. நாலு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சாங்க. இதுங்க ரெண்டும் அவர் காலடியில அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருந்துச்சாம்."

கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. போட்டாள்.

அவளுடைய நாலாம் மாடி வீட்டில் இரண்டும் மரப்பெட்டிக்குள் புகுந்தன. வெளியே வரவே இல்லை. குடமிளகாய் வாடியது. வைக்கோலில் ஒன்றிரண்டு குச்சி குறைந்ததோடு சரி. அக்கா ஃபோனில் சிரித்தாள். "கல்யாணம் பண்ணிக்கடின்னா பன்னியைக் கொண்டாந்து வெச்சிருக்கே!"

மறுநாள் மாலை ஐந்தே முக்காலுக்கு, யாரும் அழுத்தாமல் லிஃப்ட் நாலாம் மாடிக்கு வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லை. அதே நொடியில் பெட்டி வாசலில் இரண்டு மூக்குகள். வீட்டுக் கதவைப் பார்த்து ஒரே குரலாய் ஒரு விசில். பிறகு மறுபடியும் இருட்டுக்குள்.

அடுத்த நாளும் அதே நேரம்.

மூன்றாம் நாள் அவள் தாழ்வாரத்திலேயே நின்றாள். லிஃப்ட் வந்தது. ஓர் ஆள் இறங்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் திறந்தே இருந்தது. மூடியது. முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து விசில்.

அவள் லிஃப்டைத் தொடாமல் படியிறங்கினாள். லிஃப்ட் தானாக வருகிறது என்று வாட்ச்மேனிடம் புகார் சொன்னாள். மிருக டாக்டர் அதைவிட மோசமானதைச் சொன்னார். "நாளைக்குள்ள ஒழுங்கா சாப்பிடலைன்னா பிழைக்காதும்மா. ரெண்டுமே."

மறுநாள் லீவு போட்டு, ஊசிக்குழாயில் ஊட்டுவதற்குத் தீவனப் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தில் யாரோ கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

"மோட்டாரை நிறுத்திட்டியாப்பா?"

பெட்டி குப்புறக் கவிழ்ந்தது. இரண்டும் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடி, வாசற்கதவில் முன்னங்காலை வைத்து நின்று அலறின. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு சத்தமா? அவள் கதவைத் திறந்தாள்.

உடைந்த பல். கையில் ஸ்பேனர். லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்களா!"

அவன் அவளைப் பார்க்கவில்லை. காலடியைப் பார்த்து வெளிறிப்போனான். "அண்ணன்னு நினைச்சுடுச்சுங்க..."

"உங்க அண்ணனோடதா இதுங்க? அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க சொல்ல விட்டீங்களா?"

அவள் ஊசிக்குழாயைக் கீழே வைத்தாள்.

"எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணு. ஃபோன்ல அம்மாவே ஏமாந்துடுவாங்க. அவன் பிறந்தநாளுக்கு நான் ஃபோன் பண்ணல. என்னுதுக்கு அவன் பண்ணல. அப்படியே நாலு வருஷம் ஓடிப்போச்சு." நிறுத்தினான். "லிஃப்ட்ல கோளாறு எதுவும் இல்லைங்க. காலையிலேர்ந்து மூணு தடவை பார்த்துட்டேன். எத்தனை மணிக்கு வருதுன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னீங்க?"

"அஞ்சே முக்கால்."

"அண்ணன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற நேரம்."

இரண்டு பேரும் லிஃப்ட் பக்கம் திரும்பவில்லை.

அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். "அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன். உள்ள வாங்க. எதையாவது பேசுங்க. சாப்பிடலைன்னா இதுங்க செத்துடும்."

தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "எட்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது... தீ விபத்தின்போது படிக்கட்டை உபயோகிக்கவும்..."

கறுப்பு ஒரு வைக்கோல் குச்சியை இழுத்தது. பழுப்பு அதன் மறுமுனையைக் கடித்தது. நறுநறு... நறுநறு... அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஐந்தே முக்கால் லிஃப்டில் அவன் வந்தான். பேசினான், போனான். பன்னிரண்டாம் நாள், இரண்டும் வெள்ளரித் துண்டுக்குச் சண்டை போடும்போது எழுந்தான்.

"தேறிடுச்சுங்க. நாளையிலிருந்து நான் வரல."

"ஏன்?"

"என் குரலைக் கேட்டுத்தான் ஓடி வருதுங்க. வந்ததும் என் பின்னால யாரையோ தேடுதுங்க. செத்தவன் குரலை எத்தனை நாளுக்கு வாடகைக்கு விடறது? நீங்களும் அந்தக் குரலுக்குத்தானே கதவைத் திறக்கறீங்க..."

அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"உங்க அண்ணன் குரலை நான் கேட்டதே இல்ல. அதுங்க அவருக்காக ஓடி வரட்டும், அது அதுங்க பாடு. நான் அஞ்சரைக்கே தலைவாரிட்டு நிக்கறேனே, அது யாருக்காம்? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசாம வந்து நில்லுங்க... திறக்கறேனா இல்லையான்னு பாருங்க."