வெறும் வலையில் புள்ளிகள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு கண்ணும் அவிந்துபோகட்டும். இரண்டில் ஒன்று கண்ணாடிக் கண் என்பதை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தள அறைக்கு மைக்ராஸ்கோப் அக்கா வழக்கம்போலக் காலையில்தான் வந்தாள். ஜன்னல் கிடையாது. ஏசியின் முனகல், பிசின் வாடை. நடுவில் ஆளுயர எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி உர்ரென்று நின்றது.

அன்று பார்க்க வேண்டியது அவளுடைய சொந்தத் தம்பியின் தொடைச் சதை. பையனுக்குக் கால்கள் நாளுக்கு நாள் துவண்டுகொண்டிருந்தன; மேலே வார்டில் படுத்திருந்தான். தசைச் செல்லின் ஓரத்தில் இருக்க வேண்டிய ஒரு புரதம் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் மருந்து உண்டு. இல்லையென்றால் டாக்டர் தோளைத் தட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

சதையைப் பிசினில் உறையவைத்து, நினைப்பைவிட மெல்லிசாகச் சீவி, பொட்டளவு செம்பு வலையில் ஒட்டுவார்கள். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியில் நனைப்பார்கள். பிறகு, ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் தங்கத் துகள். திரையில் கறுப்புப் புள்ளி விழுந்த இடத்தில் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். கூடவே, ஆன்டிபாடியே படாத இன்னொரு வலையும் உண்டு. அதற்கு இவர்கள் வைத்த பேர் வெறும் வலை. அதில் புள்ளி விழவே கூடாது. விழுந்தால் செய்த வேலையெல்லாம் பாழ்.

முதல் வலையைப் போட்டாள். பச்சைத் திரையில் செல்லின் ஓரம் நீளமாக ஓடியது, துடைத்துவிட்டதுபோல.

ஒரு புள்ளி இல்லை.

"நல்லாத் தேடிப் பாருக்கா. எங்கயாவது ஒண்ணாவது ஒளிஞ்சிருக்கும்," என்றாள் பக்கத்தில் நின்ற கத்திக்காரி. சதை சீவுவது அவள் வேலை. 

மனசு கேட்காமல் அக்கா வெறும் வலையைப் போட்டாள்.

புள்ளிகள் மொய்த்தன.

"வலையை மாத்திக் குடுத்துட்டியாடி?"

"உன் தம்பி வலையைப் போய் மாத்துவேனா? வெறும் வலைக்கு ஓரத்தை நசுக்கி வெச்சிருக்கேன், எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தாள். ஓரம் நசுங்கித்தான் இருந்தது. திரும்பப் போட்டாள்.

புள்ளிகள் நகர்ந்தன.

மைக்ராஸ்கோப்பின் காற்றே இல்லாத குழாய்க்குள், பிசினில் செத்து உறைந்த சதையில், வரிசை பிடித்து, மேல்நோக்கி.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, கால்ல எறும்பு ஊருதுக்கா. மேல மேல ஏறுது."

"நர்ஸைக் கூப்பிடுடா."

"போர்வையை வெலக்கிப் பாத்துட்டாங்க. ஒண்ணுமில்லையாம்."

எலக்ட்ரான் கதிரை அணைத்தாள். திரை இருண்டது.

"ஐயோ, லைட்டை ஏன் அணைச்ச?"

"எந்த லைட்டுடா? நீ வார்டுலதான இருக்க?"

"தெரியலக்கா. காத்தே இல்ல. லைட்டைப் போடு, சீக்கிரம்."

போட்டாள்.

"ம்... இப்ப உன் மூஞ்சி தெரியுது. ஏன்க்கா இவ்ளோ பெருசா இருக்க? மூக்கு மேல பரு பூசணிக்காய் மாதிரி இருக்கு."

கத்திக்காரி காதருகே குனிந்து கிசுகிசுத்தாள். "அக்கா, கதிரை ஒரே எடத்துல விட்டா சீவல் கருகிடும். கிழிஞ்சிடும்."

அவளுக்குத் தெரியாதா? விட்டால் எரியும். அணைத்தால் இருட்டு. வலையை வெளியே உருவினால் என்ன ஆகுமோ. விசையின்மேல் வைத்த விரலை அவளால் அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"சுடுதுக்கா," என்றான் தம்பி மெதுவாக. "ஆனா அணைச்சிடாத."

திரையின் மூலையில் சீவல் பொசுங்கி, ஒரு கிழிசல் வெளுப்பாக விரியத் தொடங்கியது.

இன்றைக்கும் அந்த அறைக் கதவின் அடியில் பச்சை வெளிச்சம் கசிகிறது. தரையைக் கூட்ட வருகிறவர்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்காக வாங்கிய ஒரே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், வந்த நாளிலிருந்து ஆணிகூடப் பிடுங்காத மரப்பெட்டிக்குள், வாசல் ஷெட்டிலேயே கிடக்கிறது.