உடையவர் நேரில் வரவும்

"கெணத்துல போட்டுருவோம் பிள்ளே, சொன்னாக் கே—"

"போட்டா எனக்க தம்பியத் தூக்குல போடுவாவ! நான் விடமாட்டேன்!"

"அவன் வந்துருவான் பிள்ளே... பயமாட்டு இருக்கு..."

"வரட்டும்! அதுக்குத்தானே இண்ணைக்குக் காலத்த கோயில்ல ஆராதனை முடிஞ்சு, 'உடையவர் நேரில் வரவும்'ண்ணு விளிச்சுச் சொல்ல வச்சேன்?"

"அது மறந்து வச்ச குடைக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் உள்ள வழக்கமாக்கும்! கெடந்து கிட்டின கேமராவுக்கா?"

"சத்தம் போடாதீங்க!"

ராஜதாஸ் வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி பிரேமகுமாரி ஜன்னலை மூடினாள்.

1954. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். பாறசாலையில் ஊர்வலம்... தடியடி... ஓட்டம்! கூட்டம் கலைந்தபோது மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில், ஊர்வலத்தில் வந்த உள்ளூர்த் தங்கையன் கிடந்தான்.

முதுகில் கத்திக்குத்து!

அவனைத் தூக்க ஓடினான் பிரேமகுமாரியின் தம்பி எலியா. சட்டையெல்லாம் ரத்தம். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? கொலை வழக்கு. நெய்யாற்றின்கரை லாக்கப்.

பிறகு அதே தோட்டத்தில் ராஜதாசின் காலில் இடறியது...

ஒரு கேமரா!

டக்... டக்... டக்!

கதவு!

"ஆ... ஆரு?"

"நான்தாம்லே, ஞானசிகாமணி."

சபைக் கமிட்டி மெம்பர். ஊர்வலத்தில் முதல் வரிசையில் நின்று கோஷம் போடுகிறவர். வெள்ளை ஜிப்பா, சிரித்த முகம்.

"ராஜதாசே, அந்தக் கேமரா எனக்கதாக்கும். இஞ்ச எடு."

ராஜதாஸ் மனைவியின் பின்னால் நகர்ந்தார். பிரேமகுமாரிதான் பேசினாள்.

"அடையாளம் சொல்லுங்க அண்ணா. ஆரு வந்தாலும் கேக்குகதாக்கும்."

"தோலு வாறு அறுந்து கெடக்கும்."

சரியாக இருந்தது!

"உள்ள என்ன படம் உண்டு?"

"பேரப்பிள்ளைக்க ஞானஸ்நானம்."

"அப்படியா?" அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "பிலிமைக் கழுவிப் பாத்தோம். ஞானஸ்நானம் ஒண்ணும் காணல்லியே... போலீஸ் ஜீப்புல சாஞ்சு நிண்ணு பேசுகது ஒரு ஆளு. மொகம் நல்லத் தெளிவாட்டு உண்டு."

சிரிப்பு நின்றது.

ஞானசிகாமணி நிதானமாகத் திரும்பி, கதவைத் தாழிட்டார். ஜிப்பாவுக்குள் போன கை வெளியே வந்தபோது...

கத்தி!

"எங்கட்டீ அந்தப் படம்?"

"அண்ணா, அவளை ஒண்ணும் செய்யாதீங்க..."

"நீ மிண்டாத லே! சங்க அறுத்துப் போடுவேன்!" கத்தி முனை பிரேமகுமாரியின் கழுத்தில் பதிந்தது. "அந்தத் தங்கையனும் இப்படித்தான்! 'போலீசுக்கு ஆளு காட்டிக் குடுக்குகது நீராக்கும், போட்டோ எடுத்துட்டேன்'ண்ணு எனக்க மொகத்துக்கு நேர சொன்னான். திரும்பி ஓடினான்... குத்துனேன்! ஒங்க ரெண்டு பேரையும் குத்த எவ்வளவு நேரமாவும்? எடு படத்தை!"

ஒரு துளி ரத்தம் அவள் கழுத்தில் இறங்கியது.

"புஷ்பபாய்ய்ய்!" பிரேமகுமாரி அலறினாள்.

அடுக்களைக் கதவு படாரென்று திறந்தது!

வெள்ளைச் சேலையில் தங்கையனின் மனைவி புஷ்பபாய். அவள் பின்னால் சபைப் போதகர். அவருக்கும் பின்னால், பாளை அரிவாளை இடுப்பில் செருகிய நாலு பனையேறிகள்!

அவர்கள் பாய்ந்தார்கள். கத்தி தரையில் விழுந்தது. ஞானசிகாமணியின் கைகள் முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டன.

"அது எனக்க மாப்பிள்ளைக்க கேமராவாக்கும்!" புஷ்பபாய் அவருக்கு நேரே வந்து நின்றாள். "அண்ணன் கொழும்புலருந்து கொண்டு வந்து குடுத்தது. போலீசுக்கு ஆளு காட்டிக் குடுக்குகவனைப் படம் புடிக்கணும்ணு மடியில ஒளிச்சு வச்சிருந்தாரு, ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. விளிச்சுச் சொன்ன ஒடனே நான் வந்து அடையாளம் சொல்லியாச்சு. இனி எனக்கதுண்ணு எவன் வாறானோ, அவன்தான் கொன்னவன்ணு காத்துக் கெடந்தோம்!"

"எலியாவை விடச் சொல்ல நானே ஸ்டேஷனுக்கு வாறேன்," என்றார் போதகர். "எல்லாம் எங்க காதால கேட்டாச்சு."

ஞானசிகாமணி வியர்த்து வழிந்தார்.

"அந்தப் படம்... அதை ஒருக்கா எனக்குக் காட்டுங்க..."

"படமா?"

பிரேமகுமாரி கழுத்தைத் துடைத்தபடி புருஷனைப் பார்த்தாள். ராஜதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாம வேதபுத்தகத்துக்கு உள்ள பேரு எழுதி வைப்போமில்லியா? அதுபோல கேமராவுக்கு உள்ளயும் உடையவன் பேரு காணும்ணு, எங்க வீட்டு மனுஷன் அதை நட்டுச்ச வெயிலுல தொறந்து, பிலிமை முழம் போட்டு இழுத்துப் பாத்துட்டாராக்கும்! பேரும் இல்ல, வெயிலு பட்டுப் படமும் அழிஞ்சு போச்சு... நீங்க வாயைத் தொறக்காம இருந்திருந்தா இது ஆருக்கு அண்ணா தெரியும்?"