வெண்கலத் தட்டில் தண்ணீர்

தரையில் வைத்திருந்த வெண்கலத் தட்டில் தண்ணீர் நடுங்கியது.

லல்லா மாவு ஒட்டிய கைகளோடு அசையாமல் நின்றாள். உச்சி வெயில் கூரையின் இடுக்குகளில் புகுந்து தண்ணீரில் விழுந்து, சுவரில் ஒரு வெளிச்ச வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டமும் மெல்ல மெல்ல நடுங்கியது.

ரோமர்கள் மலைக்கோட்டையைச் சுற்றிவளைத்து இரண்டு மாதமாகிறது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அதைச் சரித்து உள்ளே நுழைவது அவர்கள் வழக்கம். அதனால் மதிலோரத்து வீடுகளிலெல்லாம் இப்படியொரு தட்டு இருந்தது. தண்ணீர் ஆடினால் கீழே யாரோ தோண்டுகிறார்கள்.

நான்கு நாட்களுக்கு முன் அது இந்த வீட்டில்தான் ஆடியது. தானியக்குழி வழியாகத் தோண்டி இறங்கினார்கள் அவள் கணவன் தாரசிஸும் வேறு நான்கு பேரும். ரோமச் சுரங்கத்தில் போய் முட்டினார்கள். இருட்டில் வாள் சத்தம். கோட்டைத் தலைவன் கரியும் கோழி இறகும் நிரப்பிய பானையைப் பற்றவைத்துக் குழிவாயில் வைத்து, புகையைக் கீழே செலுத்தத் துருத்தியை லல்லாவிடம் தள்ளினான்.

"ஊது."

"அவங்க இன்னும் மேல வரலையே!"

"ரோமன் வந்துடுவான். ஊதுடீ!"

ஊதினாள். அந்திக்குள் தண்ணீர் அசைவற்றுப்போனது. "கீழ யாரும் உசுரோட இல்ல" என்று சொன்னதும் அவள்தான். பிறகு இந்தக் குழியையும், மதிலோரத்து மற்ற வீடுகளின் தானியக்குழிகளையும் கல்லால் நிரப்பினார்கள். கருகிய இறகு நாற்றம் மட்டும் போகவில்லை. மாவில், தலைமயிரில், தண்ணீர்க் குடத்தில், எங்கும் அதுதான்.

வாசலில் நிழல் தட்டியது. கொழுந்தன் கோடிஸ்.

"என்ன அண்ணி, தட்டைப் பாத்தே ரொட்டி சுடுறீங்களா?"

"தண்ணி ஆடுது, தம்பி."

குனிந்து பார்த்தான். தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது.

"உங்க கண்ணுதான் ஆடுது. நாலு நாளாத் தூங்கல. ரோமனுங்க மண்வெட்டியைப் போட்டுட்டு கீழ கஞ்சி காய்ச்சுறானுங்க, மதில்ல நின்னா வாசனையே வருது." சிரிக்க முயன்றான். தானியக்குழியைப் பார்த்ததும் முகம் மாறியது. "அந்தக் கல்லுல மட்டும் கை வெச்சிடாதீங்க. அது திறந்தா கோட்டையே போச்சு."

அவன் மதிலுக்குப் போனான்.

தண்ணீர் மறுபடி நடுங்கியது.

இப்போது ஓசையும் வந்தது. கல்லுக்கு அடியில் மூன்று தட்டு, வேகமாக. நீண்ட இடைவெளி. பிறகு ஒன்று.

ரொட்டி வேகும்வரை பொறுமையில்லாமல் பிசைதொட்டியின் விளிம்பில் தாரசிஸ் தட்டும் தாளம் அது. இந்த வீட்டுக்கு வெளியே யாரும் அதைக் கேட்டதில்லை. ரோமனுக்கு எப்படித் தெரியும்?

மண்டியிட்டாள். கல்லின்மேல் மூன்று முறை மட்டும் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

கீழிருந்து ஒன்று வந்தது.

"வந்துட்டேன்... இதோ வந்துட்டேன்..."

கல்லை இழுத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. நகம் பிய்ந்தது. தாளம் நெருங்கியது. அவசரமில்லாமல். அவன் துருத்தியின் சத்தத்தைக் கேட்டிருப்பான். ஊதியது யாரென்று தெரிந்திருக்குமா? தெரியட்டும். காலில் விழலாம்.

ஒரு கல்தான் மிச்சம்.

"அண்ணி!" மதிலிலிருந்து கோடிஸின் குரல், உடைந்து. "அண்ணி, வெளிய வராதீங்க! பாக்காதீங்க! ரோமனுங்க அவங்க சுரங்கத்துலேர்ந்து நம்ம ஆளுங்களை வெளிய இழுத்து சரிவுல போட்டிருக்கானுங்க. அஞ்சு பேரு... அண்ணன் இடுப்புல நீங்க நெய்த செவப்புப் பட்டை..."

லல்லா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மூன்று தட்டு. இடைவெளி.

தட்டில் தண்ணீர் ஆடவில்லை. அடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது, அழுகையும் சிரிப்புமாக: "வந்துட்டேன், கண்ணு, இதோ வந்துட்டேன்!" கூடவே கல் உருளும் ஓசை. அதற்கப்பால் இன்னொரு வீட்டிலும். மதில் நெடுக.

இறகு நாற்றம்.

அவள் தொடாத அந்தக் கடைசிக் கல் கீழிருந்து மெல்ல உயர்ந்தது.