ரைனாவின் இடது கை

அடுப்பிலிருந்து இறக்கிய பனீட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. இன்னும் திறக்காத கடைக்குள், ரைனாவின் நாத்தனார் தோன்கா ஒரு கத்தரிக்கோலை மேஜைமேல் எறிந்தாள்.

"இது உங்க ஏப்ரன்ல இருந்துச்சு, அண்ணி! என் கையில வெட்டவே மாட்டேங்குது. முடி மடங்கிப் போகுது... இடதுகைக்காரங்களுக்குன்னே செஞ்சதுதானே?"



ப்ளோவ்திவ் நகரில் தலைமுறைகளாகப் பேர் பெற்ற முடிதிருத்தும் குடும்பம் அது. வாடிக்கையாளர் தலையில் இடது கை படுவது கடைக்கே இழுக்கு என்பது மாமனார் ஸ்தோயனின் தீர்ப்பு. மருமகளாக வந்த நாளிலிருந்து இடதுகைக்காரியான ரைனாவுக்குக் கிடைத்தது துடைப்பமும் ஈரத் துண்டுகளும்தான்.

"யாரு கத்துக்கொடுத்தா?" ஸ்தோயன் அந்தக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். "என் பேச்சை மீறி யாரு?"

"நான்தாம்பா," என்றான் அவள் கணவன் கமென்.

"அப்ப வெளிய போடா! இந்தக் கடையில இனி உனக்கு இடமில்ல!"

கமென் கடை அங்கியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். ரைனா முன்னால் வந்தாள். செய்யாத தப்பைச் சுமக்கிறாரே இந்த மனுஷன்...!

"பொய் சொல்றார், மாமா! அவருக்கு ஒண்ணுமே தெரியாது. கத்துக்கொடுத்தது நீங்க!"

"எங்கப்பாவா? நாக்கு கூசல?" என்று சீறினாள் தோன்கா.

"நீ சும்மா இரு, தோன்கா! பெருக்கிக்கிட்டே கண்ணாடியில உங்களைத்தான் பாத்தேன், மாமா. அதுல நீங்க இடதுகைக்காரர்! சீப்பு வலதுல, கத்தரி இடதுல... அதையே பாத்துப் பாத்து, முதியோர் இல்லத்துப் பெரியம்மாங்க தலையில பழகினேன். என் கை இழுக்குன்னா, கண்ணாடியில தெரியுற உங்க கையும் இழுக்குதான்!"

ஸ்தோயன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியில் உயர்ந்தது இடது கை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணியைத் தானே கட்டிக்கொண்டார்.

"வெட்டு."

"மாட்டேன்."

"ஐயோ, என்ன திமிர் இது!" என்றாள் தோன்கா.

"பூட்டின கடைக்குள்ள வெட்ட மாட்டேன், மாமா. நாலு பேர் கண்ணு முன்னாடி வெட்டுறேன். அதுக்கு முன்னாடி அவர் அங்கியை உங்க கையாலயே கொடுங்க."

முதியவர் எழுந்தார். அங்கியை எடுத்து மகனுக்குப் போட்டுவிட்டார். பொத்தானைப் பூட்டும்போது உடைந்து அழுதார்... கமென் அவரைக் கட்டிக்கொண்டான்.

கழுத்துத் துணியோடே நடந்துபோய் ஷட்டரைத் தூக்கினார் ஸ்தோயன். வெளியே இருவர் காத்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கய்யா," என்றார். "முதல்ல எனக்கு. என் மருமக வெட்டுறா."