செத்த பிறகு படித்தவள்

எதிர்முனையில் போன் அடித்தது.

ஒரு முறை... இரண்டு முறை... மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"ஓம்... சிநேகாதான் கதைக்கிறன்."

சேதுலட்சுமி, கோப்பைப் பார்த்துத் தான் போட்ட எண்ணை மறுபடி சரிபார்த்தாள்.

ஏனென்றால்... அவளுடைய மேஜை மேல் அந்தச் சிநேகாவின் இறப்புச் சான்றிதழ் இருந்தது!

முதுகுளத்தூர் வங்கிக் கிளையில் கல்விக்கடன் பிரிவு சேதுலட்சுமியின் பொறுப்பு. காலைத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கடிதம் இல்லை. உள்ளே ஒரே ஒரு தாள்.

பெயர், சிநேகா. தந்தை, குருநாதன். இறந்த நாள், 2022 அக்டோபர் 14.

அவள் கடன் கோப்பை இழுத்துப் பார்த்தாள். நர்சிங் படிப்பு. நாலு வருஷத்துக்கு நாலு லட்சம். சிநேகா சாவதற்கு நாலு நாள் முன்னால் முதல் லட்சம் கல்லூரிக்குப் போயிருந்தது. சரி.

அடுத்த வருஷம் இரண்டாவது லட்சம் போயிருந்தது. அதற்கடுத்த வருஷம் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பணம் விட்டிருக்கிறார்கள்.

எந்தப் பாடத்திலும் தொண்ணூறுக்குக் கீழே இல்லை.

செத்து மூன்று வருஷம்... எல்லாப் பாடத்திலும் பாஸ்!

சேதுலட்சுமி குரலைச் சமாளித்துக்கொண்டு, நாலாம் ஆண்டுத் தவணைக்கு மதிப்பெண் பட்டியல் வேண்டும் என்றாள். அனுப்புகிறேன் என்றது எதிர்முனை, மிகவும் மரியாதையாக. வைத்துவிட்டது.

'ஓம்... கதைக்கிறன்...'

முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய் விவசாயியின் மகள் அப்படிப் பேச மாட்டாள். அது இலங்கைத் தமிழ். கடற்கரையில், மண்டபம் அகதி முகாமில் கேட்கிற பேச்சு.

அவள் மேனேஜரிடம் ஓடினாள்.

மேனேஜர் தாளைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். வட்டி பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, மாதம் தவறாமல் குருநாதன் கட்டுகிறார் என்றாள்.

"அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

"சார், அந்தப் பொண்ணு உயிரோட இல்ல."

"நம்ம ரெக்கார்டுல இருக்குல்ல?"

தணிக்கை முடியட்டும், அதுவரை உறையை மறந்துவிடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். வருமானச் சான்றில் ஒரு முத்திரை சரியாக விழவில்லை என்று முந்தின நாள்தான் நயினார்கோவில் பெண் ஒருத்தியை நாலாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தாள். மேனேஜர் உத்தரவு. அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்து அழுதது. உயிரோடு இருக்கிறவளுக்கு முத்திரை போதவில்லை. செத்தவளுக்கு மூன்று லட்சம்!

மதியம் அவள் காவல் நிலையத்தில் இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நாகலெட்சுமி முழுவதையும் கேட்டார். பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கடனுக்கு இன்சூரன்ஸ் உண்டா?"

"உண்டு மேடம். படிக்கிற பிள்ளை இறந்துட்டா அதுவரைக்கும் வாங்குன கடனை இன்சூரன்ஸே கட்டிரும். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"சொல்லல. மூணு வருஷமா வட்டி வேற கட்டுறான்." பேனா நின்றது. "சாவை மறைக்கிறவன் எல்லாம் காசு வர்றதுக்குத்தான் மறைப்பான். இவன் காசு குடுத்து மறைக்கிறான். அப்ப மறைக்கிறது வேற என்னமோ."

கொலையா...?

ஜீப் கிளம்பியது.

குருநாதனின் வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. ஓட்டு வீடு. சுவரில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் படம். சந்தன மாலை. அக்கம்பக்கம் யாரும் எதையும் மறைக்கவில்லை. மிளகாய் வயலில் பாம்பு கடித்தது, பைக்கில் தூக்கிக்கொண்டு ஓடினோம், ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் போய்விட்டது என்றார்கள். நாகலெட்சுமி அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பதிவேடும் அதையேதான் சொன்னது. பாம்புக் கடி. பிரேதப் பரிசோதனை நடந்திருக்கிறது. சந்தேகம் இல்லை.

கொலை இல்லை!

குருநாதன் ஆட்டுக் கிடையிலிருந்து வந்தார். ஐம்பது வயது. சட்டைப் பித்தான் மாற்றிப் போட்டிருந்தார். காக்கியைப் பார்த்துப் பயப்படவில்லை. சேதுலட்சுமியைப் பார்த்துத்தான் முகம் மாறியது.

"வட்டி எதுவும் பாக்கி இருக்கா, தாயி?"

இல்லை என்றாள்.

"அப்ப எதுக்கு இங்கன வந்தீக?"

உங்கள் மகளின் பெயரில் காலேஜில் படிப்பது யார் என்று நாகலெட்சுமி கேட்டார். இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவை குரலை உயர்த்திக் கேட்டார். மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எம் மகதான் படிக்குது."

சுவரில் மாலை. வாயில் இந்தப் பதில். நாகலெட்சுமிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏறும் ஓய் ஜீப்பில் என்றார்.

கல்லூரி, ராமேஸ்வரம் போகிற சாலையில், கடல் பார்த்த மாதிரி இருந்தது. அலுவலக அறையில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து அழைத்துவர ஆள் போயிருந்தது.

ஓடிவிடுவாளோ...?

ஓடவில்லை. வந்தாள். வெள்ளைச் சீருடை. ஒட்டிய கன்னம். இருபத்தொரு வயது இருக்கும். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், சேதுலட்சுமியைப் பார்த்தாள். குருநாதனை மட்டும் பார்க்கவில்லை.

நாகலெட்சுமி சான்றிதழை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் பெருமூச்சு விட்டாள்.

"வந்து சேர்ந்திட்டுதா? ரெண்டு நாளாப் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

"நீயா அனுப்புன?"

"ஓம் மேடம். போன்லயும் வேணுமெண்டுதான் அப்பிடிக் கதைச்சனான். அப்பவாவது சந்தேகம் வரட்டும் எண்டு. நான் சிநேகா இல்லை. என்ர பேர் சுலக்சனா."

குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது... குற்றவாளியேதான்!

"கிறுக்குப் பிள்ள" என்றார் குருநாதன். உடைந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் முழுக்கதையும் வெளியே வந்தது.

மகளை எரித்த பத்தாம் நாள் குருநாதன் இந்தக் கல்லூரிக்கு வந்திருக்கிறார். சேரவேயில்லை, கட்டின ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க. கட்டினது கட்டினதுதான் என்று சொல்லிவிட்டார்கள். செத்துப்போனவளுக்குமா என்று கேட்டதற்கு, விதி அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டினார்களாம்.

அதே வராந்தாவில் இன்னொரு பெண் தாயோடு நின்றிருக்கிறாள். மண்டபம் முகாமிலிருந்து வந்த சுலக்சனா. தாய் கனகேஸ்வரி இறால் கம்பெனியில் கூலி. பிளஸ் டூவில் நல்ல மார்க். வங்கியில் கடன் கேட்டால் இந்தியக் குடியுரிமை கேட்டார்கள். இங்கே பிறந்தவள்தான், ஆனால் குடியுரிமைக் காகிதம் இல்லை. முகாம் உதவித்தொகை ஹாஸ்டலுக்கே பத்தாது. கல்லூரியின் ஸ்காலர்ஷிப் கேட்டால் அதற்கும் அதே காகிதம்தான் வேண்டும். ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் கைகாட்டியது. கனகேஸ்வரி விசும்ப, அந்தப் பெண் அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதாம்.

ஒரு பக்கம் கட்டின பணத்துக்குப் படிக்க ஆள் இல்லை. இன்னொரு பக்கம் படிக்கிற ஆளுக்குக் கட்டப் பணம் இல்லை.

குருநாதன் போய்க் கேட்டிருக்கிறார். "சும்மா போற காசுதான் தாயி. எம் மக பேர்ல போய் உக்காந்துக்கிறியா?"

அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சேர்க்கைப் பாரத்தில் சுலக்சனாவின் போட்டோவை ஒட்டி முத்திரை குத்திவிட்டார்.

"இன்சூரன்ஸ் இருக்குன்னு தெரியாதா ஓய்?" என்றார் நாகலெட்சுமி.

"இந்தப் பிள்ளையே படிச்சுச் சொல்லுச்சு. சொன்னா இது படிப்பு நின்னுபோகும்ல. ஒண்ணைப் பாம்புக்குக் குடுத்தேன். இதை ஒரு பாரத்துக்குக் குடுக்கணுமாக்கும்?"

பிறகு ஏன் காட்டிக்கொடுத்தாய் என்று சுலக்சனாவைத்தான் கேட்டார்கள்.

அவள் கோபமாகத்தான் பேசினாள். மூன்று வருஷக் கோபம். "அய்யா மாசாமாசம் ஆடு வித்து வட்டி கட்டுறார். கிடையில இனி ஏழு ஆடுதான். செத்தா கடன் இல்லை எண்டு பத்திரத்தில எழுதியிருக்கு. அவர் சொல்லமாட்டார். அதான் நான் சொன்னனான்." நிறுத்தினாள். "போன மாசம் விழாவில எனக்கு மெடல் தந்தவை. மேடையில சிநேகா எண்டு கூப்பிட்டவை. கீழ அம்மா கை தட்டேல்லை. அவ வச்ச பேர் அது இல்லையே."

சேதுலட்சுமி மெதுவாக விஷயத்தை உடைத்தாள். இன்சூரன்ஸ், சாகும் நாள் வரை வாங்கிய கடனைத்தான் கட்டும். முதல் லட்சத்தை மட்டும். மீதி இரண்டு லட்சம் மோசடி. குருநாதன் உள்ளே போவார்.

சுலக்சனா அப்போதுதான் முதல்முறையாகக் குருநாதனைத் திரும்பிப் பார்த்தாள். அவரைக் காப்பாற்றப் போட்ட தபால்... அவருக்கே விலங்கு!

நாகலெட்சுமி மேனேஜருக்குப் போன் போட்டார். புகாரை எழுத்தில் கொடுங்கள் என்றார்.

மேனேஜர் பதறினார். இரண்டு தவணை விட்டது அவருடைய கையெழுத்து. வட்டி ஒழுங்காக வருகிறது, வங்கிக்கு என்ன நஷ்டம், புகாரெல்லாம் வேண்டாம் என்றார்.

கல்லூரித் தாளாளரைக் கூப்பிட்டார். அவர் அதற்கு மேலே. எங்கள் சிநேகா யுனிவர்சிட்டி ரேங்க், அவளைப் பற்றி எங்களுக்குப் புகாரே இல்லை என்றார்.

வங்கிக்குச் சிநேகா உயிரோடு வேண்டும். கல்லூரிக்குச் சிநேகா உயிரோடு வேண்டும். பெற்றவரும் எம் மகதான் என்கிறார். ஊர் உலகத்தில் அவள் செத்துவிட்டாள் என்று அடம்பிடிப்பது ஒரே ஒருத்தி... அவள் பெயரில் படித்தவள்!

"எழுதிக்கங்க மேடம்" என்றாள் சுலக்சனா. "புகார் குடுக்கிறது நான். செஞ்சதும் நான். அய்யா பேர் வேண்டாம்."

நாகலெட்சுமி வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். தாளாளர் பக்கம் திரும்பினார்.

"சரி சார், எழுதிரலாம். முதல் குற்றவாளி இந்தப் பொண்ணு. ரெண்டாவது குருநாதன். மூணாவது... அப்பன்காரன் வந்து மக செத்துட்டான்னு சொன்ன பிறகும் அவ பேர்ல அட்மிஷன் போட்டு, மூணு வருஷம் ஃபீஸ் வாங்குன காலேஜ். நாலாவது மேனேஜர். பத்திரிகைக்காரங்களுக்கு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

தாளாளர் தண்ணீர் கேட்டார்.

கால் மணி நேரத்தில் எல்லாம் நகர்ந்தது. விதி என்று காட்டின தாள் எங்கேயோ காணாமல் போயிற்று. மீதி இரண்டு லட்சத்தைக் கல்லூரியே வங்கிக்குத் திருப்பிக் கட்டும் என்றார் தாளாளர். நாகலெட்சுமி வெள்ளைத் தாளை எழுதாமலே மடித்துப் பையில் வைத்தார். முதல் லட்சத்துக்கு இன்சூரன்ஸ் பாரத்தைச் சேதுலட்சுமி அங்கேயே நிரப்பினாள். குருநாதன் கையெழுத்துப் போடும்போது இறப்பு என்ற வார்த்தையின் மேல் விரல் நின்றது. மூன்று வருஷம் கழித்து அப்போதுதான் அவர் மகளுக்காக அழுதார்.

ஒரு விஷயத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. சிநேகா எடுத்த மார்க் சிநேகாவோடு போயிற்று. சுலக்சனா மறுபடி முதல் வருஷத்திலிருந்து படிக்க வேண்டும்.

"திரும்பவும் முதல்ல இருந்தோ?" அவள் பல்லைக் கடித்தாள். கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷம். அத்தனை ராத்திரியும் வீண். நியாயமே இல்லை. ஆனாலும் தாளாளர் நீட்டிய புதுப் பாரத்தை வாங்கினாள். பெயர் என்ற இடத்தில் அழுத்தி எழுதினாள். சுலக்சனா.

நாலு வருஷத்துக்கும் கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் உட்பட முழு ஸ்காலர்ஷிப் என்று தாளாளர் கடிதம் கொடுத்தார். குடியுரிமைக் காகிதத்தை அவர் கேட்கவேயில்லை.

வெளியே வந்ததும் சேதுலட்சுமி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். நம்ப முடியவில்லை.

"நல்லாப் படிக்கிறேன்னு அந்தப் பொண்ணு கேட்டப்ப குடுக்கலையே மேடம். இப்ப குடுத்துட்டாங்களே."

நாகலெட்சுமி ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருஷத்துல இருந்து ஸ்காலர்ஷிப் பாரத்துல 'போலீஸ் கேஸ் நம்பர்'னு ஒரு கட்டம் சேர்த்துரச் சொல்லும்மா... உங்க முத்திரையை விட வேகமா வேலை செய்யுது!"