பிரஸ் கூடத்து வரிசை

ஞாயிற்றுக்கிழமை மதியம், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் மெல்லுவதைச் சட்டென்று நிறுத்தினான். வாய் நிறையச் சோறு, தாடை அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி மெல்லத் தொடங்கினான். கல்லைக் கடித்திருப்பான் என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிறுத்தினான். மூன்றாவது முறை அவளுக்கும் கேட்டது. காலுக்கடியில், வெகு ஆழத்தில், ஈர மணல் மூட்டையைத் தரையில் போட்டது போல ஒரு 'தொம்'.

காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துவது அவள் வேலை. வெளிச்சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து, யார் காதுக்கு எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்று நாள் முழுக்கப் பார்ப்பவளுக்கு, ஒரு சத்தம் கேட்டால் அதை எண்ணாமல் இருக்க வராது. எண்ணினாள். ஒரு தொம்முக்கும் அடுத்த தொம்முக்கும் நடுவில் பதினோரு நொடி.

"கீழ ஏதாவது வேலை நடக்குதா?"

"ஞாயித்துக்கிழமை யாரு வேலை பாப்பாங்க? பழைய கட்டடம்மா. வெயில்ல இரும்பு விரியும், முறுக்கும். நீ வேற சும்மா காதைத் தீட்டிக்கிட்டு உக்கா..."

தொம்.

"...ந்திரு" என்று முடித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். வார்த்தை பாதியில் அறுந்தது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அவர்கள் அங்கே குடிவந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அறுபது வருடம் தகரம் அடித்த தொழிற்சாலை அது. டப்பா மூடி, வாளி அடிப்பாகம், விளக்குத் தொப்பி என்று வெட்டி அழுத்தி அனுப்பிவிட்டு ஒருநாள் மூடிக்கொண்டது. அதன் பிறகு இருபது வருடம் புறாக்களின் ராஜ்யம். அப்புறம் யாரோ கண்ணாடி வைத்தார்கள், லிஃப்ட் வைத்தார்கள், சரக்கு ரயில் போன தண்டவாளத்தை நடைபாதை ஆக்கினார்கள். பாய்லர் இருந்த அறை காபிக்கடை ஆனது. மாலை நேரங்களில் இருவரும் கைகோத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் சுற்றுவார்கள். லிஃப்டுக்குப் பின்னால், வெள்ளைச் சாயத்தை மீறித் தெரிந்த 'கை பத்திரம்' என்ற பழைய எழுத்தைப் பார்த்து அவன்தான் சிரித்தான். "பத்திரமா பிடிச்சுக்கோ, ஆபீஸர் உத்தரவு" என்று அவள் கையை இறுக்கிக்கொண்டான்.

கீழே, தகரத்தை அழுத்தும் இயந்திரங்கள் நின்ற பிரஸ் கூடத்தில் அவனுக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. பக்கத்தில் பூக்கடை, காபிக்கடையின் பின்வாசல். கூடத்தின் நடுவே பழைய பிரஸ் ஒன்றை மட்டும் அழகுக்காக விட்டுவைத்திருந்தார்கள். இரண்டு ஆள் உயரம், பச்சைச் சாயம். மோட்டாரைக் கழற்றி, அதன் குழியில் சிமெண்டை ஊற்றி மூடியாயிற்று. தகட்டை வைக்கும் அடிப்பலகையில் பூந்தொட்டிகள் இருந்தன. குழந்தைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும்.

"ஒரு சைக்கிள் பாக்கி இருக்கு, அரை மணியில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் கீழே போனான்.

அவள் பாத்திரம் தேய்த்தாள். ஜன்னலுக்குக் கீழே முற்றம் வெள்ளை வெயிலில் கிடந்தது. எதிர்மாடிச் சிறுமி கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கயிறு ஒருமுறை சுழலும், அவள் ஒருமுறை குதிப்பாள். பிறகு கயிற்றைக் காலருகே தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தை நேராக வைத்து, அசையாமல் நிற்பாள். பதினோரு நொடி. மறுபடி ஒரு குதி. மேலே ஒரு கொடியில் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்த பெண்ணும் அதே நொடியில்தான் உதறினாள். துணி உதறும் சத்தமும் கயிறு தரையில் படும் சத்தமும் ஒன்றாக வந்தன.

அவள் கையைக்கூடத் துடைக்காமல் கீழே இறங்கினாள்.

நேற்றுவரை புதுச்சாயம் வீசிய படிக்கட்டில் இப்போது கிரீஸ் வாடை அடித்தது. சூடேறிய தகரத்தின் வாடை, அதற்கு அடியில் நாக்கில் காசை வைத்தது போன்ற ஒரு கசப்பு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் தொம் காதை விட்டு இறங்கி நெஞ்சுக்குள் போனது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கூடத்தின் வாசலில் பூக்கடைக்காரி உட்கார்ந்து காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கருவி பொருத்தியதே இவள்தான். அந்த நன்றியில் இவளுக்கு 'காதம்மா' என்று பெயரும் வைத்திருந்தாள். கருவி இல்லாமல் பக்கத்தில் வெடி வெடித்தாலும் அவளுக்குக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேசுவாள். இப்போது இரண்டு கருவிகளும் மேசைமேல் கழற்றிக் கிடந்தன.

தொம். கத்தரி அழுந்தியது. ஒரு காம்பு துண்டானது.

"என்னக்கா, மிஷினைக் கழட்டி வெச்சுட்டீங்க?"

"இதுக்கு அது வேண்டாம் காதம்மா."

"எதுக்கு?"

பூக்கடைக்காரி சிரித்தாள். கை காம்புக்காகத் துழாவியது. காம்பு தீர்ந்து போயிருந்தது. தொம் வந்தது, கத்தரி இறங்கியது, இடதுகைச் சுண்டுவிரல் இலைக்குவியலில் விழுந்தது.

இவள்தான் அலறினாள். பூக்கடைக்காரி ரத்தத்தைப் பார்த்தாள், கத்தரியைப் பார்த்தாள், அதைத் துடைத்து உறையில் போட்டாள்.

"ஷிஃப்ட்டு ஆரம்பிச்சுடுச்சு. நேரமானா நிக்க விட மாட்டாங்க" என்று எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

இவளும் பின்னால் ஓடினாள்.

பூந்தொட்டிகளை இறக்கிச் சுவரோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். கூடம் நிறைய ஜனம். யாரும் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராக, சட்டைக்கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு நின்றார்கள். வரிசையின் தலை, பிரஸ்ஸுக்கு முன்னால் இருந்தது. அங்கே காபிக்கடைக்காரன். கையை நீட்டி, உள்ளங்கையை அடிப்பலகையில் வைத்து, விரல்களைக் கவனமாக விரித்தான்.

மோட்டார் இல்லாத பிரஸ் இறங்கியது.

தொம்முக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. மேலே இருந்தபோது அது அவளுக்குக் கேட்கவில்லை. இப்போது கேட்டது. ஒரே நேரத்தில் பல சின்னச் சின்ன எலும்புகள் நொறுங்குகிற சத்தம்.

காபிக்கடைக்காரன் கையை எடுத்தான். மணிக்கட்டுக்குக் கீழே கை நனைந்த துணியாகத் தொங்கியது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தான். அங்கே ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தரை சிவந்து வழுக்கியது. ஒரு முனகல் இல்லை.

நான்காவதாக நின்றது அவள் கணவன்.

"ஏங்க! வாங்க, வெளிய வாங்க!"

தோளைப் பிடித்து இழுத்தாள். தூணை இழுப்பது போல இருந்தது.

"தள்ளாதம்மா, வரிசை கெட்டுடும்" என்றான், பேருந்து நிறுத்தத்தில் சொல்வது போல.

தொம். அவனுக்கு முன்னால் இரண்டே பேர்.

கன்னத்தில் அறைந்தாள். கண் சிமிட்டவில்லை. கையைக் கடித்தாள், வாயில் உப்புக் கரித்தது. அவன் மறுகையால் அவள் தலையை மெல்ல விலக்கினான்.

தொம். ஒரே ஒருவர்.

அவன் கடைக்குள் ஓடினாள். சுவரில் தொங்கியதிலேயே பெரிய ஸ்பேனரை உருவிக்கொண்டு வந்தாள். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடிந்திருக்காது. இரண்டு கையாலும் ஓங்கி அவன் முழங்காலில் அடித்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் உள்ளே ஏதோ விட்டுப்போனது, கால் போகக் கூடாத திசையில் மடங்கியது, அவன் விழுந்தான்.

"ஏம்மா இப்படிப் பண்ற?" என்று தரையிலிருந்து கேட்டான். பாலைக் கொட்டிவிட்டவளைக் கேட்பது போலக் கேட்டான்.

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். செருப்பு வழுக்கியது, கழற்றி எறிந்தாள். வெறுங்கால் எதன் மேல் பட்டது என்று பார்க்கவில்லை. வாசல் தாண்டி, முற்றம் தாண்டி, தெருவோரப் படிகள் வரை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். அவன் முழங்கையை ஊன்றித் திரும்பக் கூடத்தை நோக்கி ஊர்ந்தான். முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

"எத்தனை பேருக்கு அடிம்மா?"

"எல்லாருக்கும்" என்று கத்தினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஓட்டுநரும் ஒரு நர்ஸும். நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே ஓடிவந்து மண்டியிட்டாள். அவள் முகத்தில் கவலை இருந்தது. அந்த மதியம் முழுக்க இவள் பார்த்த முதல் உயிருள்ள முகம் அது. பிடித்துவைத்திருந்த அழுகை இவளுக்கு உடைந்தது.

"அழாதீங்க. நாங்க வந்துட்டோம்ல? ஒண்ணும் ஆகாது. யாரு அடிச்சது?"

"நான்தான்."

நர்ஸ் மருந்துப் பையைத் திறந்தாள். காலுக்குப் பலகை வைத்துக் கட்டினாள். எவ்வளவு பதமான கை! ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை உருட்டிவந்தான். இருவருமாக அவனைத் தூக்கிப் படுக்கவைத்து, வாரைப் பூட்டினார்கள்.

தொம்.

அதுவரை காதில் விழாதது இப்போது விழுந்தது போல, நர்ஸின் கை வாரின் மேல் நின்றது.

"கேக்காதீங்க. அந்தச் சத்தத்தை மட்டும் கேக்காதீங்க. வண்டியை எடுங்க!"

நர்ஸ் நிமிர்ந்தாள். முகத்திலிருந்து கவலை வடிந்து போயிருந்தது. வலதுகை உறையைக் கழற்றினாள். இடதுகை உறையைக் கழற்றினாள். சட்டைக்கையை மடித்தாள்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. வண்டியின் பக்கம் போகவில்லை.

சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினாள். விரலை ஏறி மிதித்துக்கொண்டு சக்கரம் போனது. எழுந்தாள். ஓட்டுநர் ஒற்றைக் கையால் தள்ளினான். முற்றத்துக் கல்லில் நெற்றி மோதியது. ரத்தம் கண்ணை மறைத்தது. தவழ்ந்தாள். வாசல். கூடம்.

அங்கே வரிசை நகரவே இல்லை. அவனுக்கு முன்னால் நின்றவர் முடித்துப் போயிருந்தார். பின்னால் நின்றவர்கள் ஓர் அடிகூட வைக்காமல், அவன் இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்தார்கள். பிரஸ் வெறும் பலகையில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வாரை அவிழ்த்தார்கள். அவனால் நிற்க முடியவில்லை. கால் தாங்கவில்லை, பலகை எட்டவில்லை. நர்ஸும் ஓட்டுநரும் இரண்டு பக்கமும் வந்து, எட்டாத குழாயில் தண்ணீர் குடிக்கப் பிள்ளையைத் தூக்குவது போல, இடுப்பைப் பிடித்து அவனைத் தூக்கினார்கள். அவன் முன்னால் சாய்ந்தான். கைகள் பக்கவாட்டில் தொங்கின. கன்னம் பலகையில் படிந்தது. முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது, கண் திறந்திருந்தது. தலை வழுக்கிவிடாமல் இருக்க நர்ஸ் ஒரு கையை அவன் பிடரியில் வைத்து, இன்னொரு கையால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

இரும்பு இறங்கத் தொடங்கியது. நர்ஸ் கைகளை எடுக்கவில்லை.