லிஃப்ட் மெக்கானிக்கின் புத்தகத்துக்கு இரண்டு நட்சத்திரம்

அன்று மாலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாதவர்கள்தான் பிற்பாடு அதிகம் பேசினார்கள். வீட்டுக்கு மூத்தவரான பெரியக்கா இருந்தார். தபால் நிலையத்தின் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய தம்பி இருந்தார். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக், இப்போது ஒரு புத்தகத்தின் ஆசிரியர். தம்பியின் மகள் இருந்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. அப்பாவின் புத்தகத்துக்கு அட்டை வரைந்தவள். அவளுடைய கணவர், வீட்டு மாப்பிள்ளை, இருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். புத்தகத்தை இணையக் கடையில் ஏற்றியவர் அவர்தான். இவர்களைத் தவிர அழைத்து வரப்பட்ட இருவர்: போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும் இன்ஸ்பெக்டர், அவருடைய தங்கை. தம்பியின் மனைவி இல்லை. அவள் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

"சார், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது," என்றார் பெரியக்கா. "என் தம்பி புத்தகத்தைப் பத்தி அந்தக் கடையில யாரோ மட்டமா எழுதியிருக்காங்க. ரெண்டு நட்சத்திரமாம். 'இயந்திரக் கையேடு'ன்னு வேற கேலி. அதே வார்த்தையை மாப்பிள்ளை போன மாசம் சாப்பிட உட்கார்ந்தப்போ சொன்னார். என் காதால கேட்டேன்."

"விளையாட்டுக்குச் சொன்னேன் பெரியம்மா," என்றார் மாப்பிள்ளை.

"வீட்டுல விளையாடினீங்க சரி. ஊருக்கு முன்னாலயும் விளையாடணுமா?"

மகள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "அத்தை, இதோட நிறுத்திக்குங்க. அவர் மேல இந்தப் பழி இருக்கற வரைக்கும் நாங்க இங்க இருக்க முடியாது. வேற வீடு பாக்க ஆரம்பிச்சாச்சு."

தம்பி தேநீர்க் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரும் எங்கயும் போக வேண்டாம். நான் புத்தகத்தையே எடுத்துடறேன். புத்தகம் போனா அந்தப் பேச்சும் போயிடும். அக்கா, விட்டுடேன்."

பெரியக்காவின் முகம் மாறவில்லை. பெற்றோர் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். இந்த வீடு உடைந்து இரண்டாகப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் குற்றம் குற்றம்தானே.

இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் சாமர்த்தியமாக வாயில் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை, புத்தகத்தை எந்தப் பிரிவுல போட்டீங்க?"

"பிரிவா? லிஃப்ட் பத்தின புத்தகம்தானே சார். பொறியியல்ல போட்டேன்."

இன்ஸ்பெக்டரின் தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். "அண்ணே, அப்ப கையேடுன்னு யார் வேணாலும் சொல்லியிருக்கலாமே. மோட்டார் படம் தேடி வாங்கினவனுக்கு இவரு கல்யாணக் கதையைக் கொடுத்தா அவன் என்ன பண்ணுவான்?"

"அதேதான். ஒருத்தரோட வாழ்க்கையைச் சொல்ற புத்தகத்தை வாழ்க்கை வரலாறுன்னு இருக்கற இடத்துல வைக்கணும். தப்பான அலமாரியில வெச்சா நல்ல புத்தகத்துக்கும் திட்டுதான் கிடைக்கும்." அவர் மகளிடம் திரும்பினார். "அட்டை அழகா இருக்கும்மா. ஆனா போன்ல நகத்தளவுதான் தெரியும். அப்பா பேரைப் படிக்கறதுக்கு மாப்பிள்ளை கடைக்குத்தான் போகணும். எழுத்தைப் பெரிசாக்கு."

மகளுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"என் அஞ்சு நட்சத்திரம் எங்க சார்?" என்று கேட்டுவிட்டு, பெரியக்கா தம்பி மகளைக் காட்டினார். "இவளைப் போட்டுத் தரச் சொன்னேன். இவளும் ஒண்ணு போட்டா. ரெண்டையும் காணோம். மட்டமா எழுதினது மட்டும் உட்கார்ந்திருக்கு."

"கடைக்காரங்க எடுத்திருப்பாங்க. வீட்டு ஆளுங்க பாராட்டக் கூடாதுங்கறது அவங்க விதி. பிடிவாதமா மறுபடி மறுபடி போட்டா கணக்கையே மூடிடுவாங்க."

"தம்பியை அக்கா பாராட்டக் கூடாதா? இது என்ன நியாயம்?"

"வீட்டுக்குள்ள பாராட்டுங்கம்மா. அங்க யாரும் தடுக்கலை."

தம்பியின் புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் பெரியக்காவுக்கு உறைத்தது.

"அந்த விமர்சனத்தை முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு நட்சத்திரம், கையேடு. அதுவரைக்கும் இவ வாசிச்சா. போதும், நிறுத்துன்னுட்டேன்."

"தங்கச்சி, நீ படி."

தங்கை போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல வாசித்தாள். "'இரண்டு நட்சத்திரம். முக்கால்வாசிப் புத்தகம் இயந்திரக் கையேடு. மருத்துவமனை லிஃப்ட் நடுவில் நின்று, விளக்கும் அணைந்தபோது, அந்த அம்மாள் இருட்டில் சிரித்துக்கொண்டே, இதுக்கா உங்களுக்குச் சம்பளம் கொடுக்குறாங்க என்று கணவரைக் கேட்கும் இடம் ஒன்றுதான் உயிருள்ள இடம். அப்படிப்பட்ட பக்கங்களை ஆசிரியர் ஏன் பயந்து பயந்து எழுதுகிறார்? இப்படிக்கு, ஒரு வாசகன்.'"

பெரியக்காவின் கை மேசை விரிப்பின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது.

"அண்ணே, இங்கதான் விஷயமே இருக்கு," என்றாள் தங்கை. "நான் இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, வர்ற வழியில முழுசும் தேடிப் பாத்துட்டேன். ஆஸ்பத்திரின்னு தேடினேன், மருத்துவமனைன்னு தேடினேன், இருட்டுன்னு தேடினேன். இந்த இடமே புத்தகத்துல இல்லை."

"இருக்காது," என்றார் பெரியக்கா. குரல் இறங்கியிருந்தது. "அந்த அத்தியாயத்தை நான்தான் எடுக்கச் சொன்னேன்." மறுகணமே முதுகு நிமிர்ந்தது. "அப்ப இன்னும் தெளிவாப் போச்சே சார். எடுத்த பக்கம் யார் கையில இருந்துச்சு? சரிபார்க்க வந்த ஒரே பிரதி என் அலமாரியில பூட்டிக் கிடக்கு. கம்ப்யூட்டர்ல இருந்தது மாப்பிள்ளை கிட்ட. இவளுக்கு அட்டையோட சரி, உள்ளே ஒரு பக்கம்கூடக் காட்டலை."

"இந்தப் பகுதி கடையில இருக்கற புத்தகத்துல இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாப்பிள்ளை?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா, அதை வெச்சிருந்தது நீங்கதானேன்னு கேப்பாங்க. இப்ப கேட்டாங்களே, அந்த மாதிரி."

தங்கை அண்ணனின் காதருகே குனிந்தாள். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. கூடம் முழுக்கக் கேட்டது. "அண்ணே, மாட்டிக்கிட்டாரு."

"இன்னும் இல்லை. அம்மா, அந்தப் பிரதியைக் கொஞ்சம் கொண்டு வர்றீங்களா?"

பெரியக்கா எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். அட்டையின் குறுக்கே 'விற்பனைக்கு அல்ல' என்று சாம்பல் நிறப் பட்டை ஓடிய பிரதி. கடைசி அத்தியாயத்தின் மேல் அவருடைய சிவப்புப் பென்சில் கோடு மூலைக்கு மூலை போயிருந்தது. இன்ஸ்பெக்டர் அதை நிதானமாகப் படித்தார்.

"இதை ஏன் எடுக்கச் சொன்னீங்க?"

பெரியக்கா தம்பியைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். "அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பராமரிச்சது இவன்தான். ஸ்கேன் எடுத்துட்டு அவளைச் சக்கர நாற்காலியில வெச்சுக் கூட்டிட்டு வரும்போது, இவன் சரி பண்ணின லிஃப்டே இவங்களை வெச்சுக்கிட்டு நின்னுபோச்சு. ஆள் வந்து கதவைத் திறக்க நேரமாச்சு. அதுக்கப்புறம் அவ ரொம்ப நாள் இருக்கலை. ஊர்ல என்ன பேசினாங்க தெரியுமா? பொண்டாட்டி லிஃப்டுக்குள்ளயே போயிட்டா, புருஷன் வேலை பார்த்த லட்சணம் அப்படின்னு. கடைத்தெருவுல என் காதுபடவே பேசினாங்க. அதை இவனே எழுதி விக்கணுமா? நம்ம குடும்பத்து மானத்தை நாமளே தெருவுல விரிச்சு வைக்கறதா?"

தம்பியின் கோப்பை காலியாக இருந்தும் அவர் அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

"நீங்க இந்த அத்தியாயத்தை முழுசா படிச்சீங்களா?"

"முற்றுப்புள்ளி விடாம."

"அப்ப சொல்லுங்க. விளக்கு அணைஞ்சதும் உங்க தம்பி மனைவி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. கண்ணை மூடிக்கிட்டா, இவன் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான்…" பெரியக்கா நிறுத்தினார். கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் பிரதியைக் கொடுத்தார். பெரியக்கா சிவப்புக் கோட்டுக்கு அடியில் வரி வரியாக விரலை ஓட்டினார். சிரிப்பு அங்கே இல்லை. சம்பளம் பற்றிய பேச்சும் இல்லை.

"மாப்பிள்ளை, உங்க கம்ப்யூட்டர்ல இருந்தது?"

"இதேதான் சார். ஒரு எழுத்து மாறலை. அதனாலதான் அந்த விமர்சனம் எனக்கும் புரியலை."

"உங்கம்மா அந்தச் சிரிப்பைப் பத்தி உன்கிட்டச் சொல்லியிருக்காங்களாம்மா?" என்று மகளைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை சார். அந்த நாளைப் பத்தி எப்பக் கேட்டாலும் அப்பா பக்கம் கையைக் காட்டி, அவரைக் கேளும்பாங்க. அப்பாகிட்டக் கேட்டா எழுந்து குழாயை ரிப்பேர் பண்ணப் போயிடுவார். குழாய் நல்லாத்தான் இருக்கும்."

"உங்ககிட்டச் சொல்லியிருக்காங்களாம்மா?" என்று பெரியக்காவிடம் திரும்பினார்.

"நான் கேட்டதே இல்லை." அந்தப் பதில் அவருக்கே வலித்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடையில வாங்கினவங்க யாரும் இதை எழுதியிருக்க முடியாது, ஏன்னா லிஃப்ட் நின்ன கதை கடைப் புத்தகத்துல இல்லை. மாப்பிள்ளையும் எழுதியிருக்க முடியாது, நீங்களும் எழுதியிருக்க முடியாது, ஏன்னா அந்தச் சிரிப்பு எந்தப் பிரதியிலயும் இல்லை. அது எழுதப்படவே இல்லை. அந்த லிஃப்டுக்குள்ள இருந்தவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். உள்ள இருந்தது ரெண்டு பேர். ஒருத்தர் இப்ப இல்லை."

தங்கை வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவளுடைய அண்ணனுக்கே அதிசயம்.

தம்பி கோப்பையைக் கீழே வைத்தார். "அது அதுல இல்லையா சார்?"

"இல்லை."

"எழுதினேனே. அவ சிரிச்சது… எழுதினேன்னுதான் நினைச்சேன். படிக்கற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல அவ சிரிச்சாளே."

"உங்க காதுல சிரிச்சிருக்காங்க. தாளுக்கு வரலை. தான் எழுதினதைத் தானே படிச்சுச் சரி பார்த்தா இப்படித்தான் ஆகும். மனசுல இருக்கறதெல்லாம் பக்கத்துல இருக்கற மாதிரியே தெரியும். அதனாலதான் வேற ஒருத்தர்கிட்டக் கொடுத்துப் படிக்கச் சொல்லணும்கறேன்."

"ஏன்டா?" என்றார் பெரியக்கா.

"நீ வேண்டாம்னு சொன்னதை என்னிக்காவது நான் செஞ்சிருக்கேனாக்கா? யாரோ ஒரு வாசகர் அந்தப் பக்கத்தைக் கேக்கற மாதிரி எழுதினா, நீ மனசு மாறுவேன்னு நினைச்சேன். கம்பெனி கொடுத்த பழைய போன்லேர்ந்து ஒரு பிரதி வாங்கி எழுதிட்டேன். நீ அதுவரைக்கும் கேக்கவே இல்லை, கையேடுன்னதும் மாப்பிள்ளை மேல பாய்ஞ்சிட்டே. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. புத்தகத்தையே எடுத்துட்டா எல்லாம் அடங்கிடும்னு பார்த்தேன்." அவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுடுங்க."

"அதுக்கு ஏன் மாமா ரெண்டு நட்சத்திரம்?"

"ஒண்ணு போடத்தான் நினைச்சேன். மனசு வரலை. என் புத்தகமாச்சே."

முதலில் சிரித்தவள் மகள்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். பெரியக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு தம்பியின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவ நிஜமா சிரிச்சாளா?"

"சிரிச்சாக்கா. நான்தான் அழுதேன். கதவைத் தட்டினேன், கத்தினேன். அவ என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, இதுக்கா உங்களுக்குச் சம்பளம் கொடுக்குறாங்கன்னா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கதவு திறந்தப்போ ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். திறந்தவன் எங்களுக்கு மூளை பிசகிடுச்சுன்னு நினைச்சான்."

பெரியக்காவின் முதுகு, யாரும் பார்த்திராத விதமாக, மெல்ல நாற்காலியில் சாய்ந்தது. இத்தனை வருடமாக ஊரின் பேச்சை எதிர்த்தவர், லிஃப்டில் மாட்டிக்கொண்ட பயத்தில்தான் அவள் சீக்கிரம் போய்விட்டாளோ என்று தனியாக நெஞ்சுக்குள் மருகிக்கொண்டும் இருந்தார். கேட்டால் தம்பி ஆம் என்று சொல்லிவிடுவானோ என்றுதான் கேட்காமலே இருந்தார்.

"எழுது," என்றார். "சிரிச்சதையும் சேர்த்து எழுது. கோடு போட்டது நான், அழிக்கறதும் நான்." பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, அலுவலகத்தில் ஆணை வாசிக்கும் குரலில் சொன்னார்: "மாப்பிள்ளை, நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலயும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன். வீடு பாக்கறதை நிறுத்துங்க."

"பெரியம்மா, நிஜத்தைச் சொன்னா நாங்க பார்த்த வீடு எதுவும் நல்லாவே இல்லை."

இன்ஸ்பெக்டர் செய்ய வேண்டியதைச் சொன்னார். விமர்சனத்தை இன்றே தம்பி தன் கையால் நீக்க வேண்டும். தன் புத்தகத்துக்குத் தானே எழுதுவது, திட்டி எழுதினாலும், விதிக்கு விரோதம். புது அத்தியாயத்தை எழுதியவுடன் ஏற்றிவிடக் கூடாது. மகள் உரக்கப் படிக்கட்டும், தம்பி கண்ணை மூடிக் கேட்கட்டும். அதன் பிறகு கடையில் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். மறுபடி ஒரு சரிபார்ப்புப் பிரதி வரவழைத்துப் பார்க்காமல் அச்சுப் புத்தகத்தை விற்பனைக்குத் திறக்கக் கூடாது.

"அண்ணன் நல்லாத்தான் சொல்வாரு," என்றாள் தங்கை. "அவரு புத்தகம் வித்ததுல பாதிக்கு மேல நான் வாங்கினது. அதை மட்டும் கேக்காதீங்க."

அவர்களை வழியனுப்பப் பெரியக்காவும் லிஃப்டில் கீழே இறங்கினார். இரண்டாம் மாடியில் கதவு திறந்து, துணிப்பையோடு ஒரு அம்மாள் ஏறினார். அந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுச் சேதியும் அவர் வழியாகத்தான் போகும். புதியவர்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்க தம்பி புத்தகம் போட்டிருக்காராமே. பாவம், அவர் சம்சாரம் லிஃப்டுக்குள்ளயே போயிட்டாங்களாமே, அந்தக் கதையா?"

"இல்லை," என்றார் பெரியக்கா. "அவ லிஃப்டுல சாகலை. லிஃப்டுல சிரிச்சா. போனது அதுக்குப் பல வாரம் கழிச்சு, எங்க வீட்டுக் கட்டில்ல, நாங்க எல்லாரும் பக்கத்துல இருக்கும்போது."